பெருவழிப்பாதையில் சாமிகளை அழைத்துப்போகும் குருசாமிகளுக்கு ஒரு மடல்

குருசாமிமார்களுக்கு, சாமி சரணம்.

பதினோரு வருடமாக மாலை போடுகிறேன். அதில் ஐந்து முறை எருமேலியிலிருந்து காட்டுக்குள் போகும் பெருவழிப்பாதையில் சபரிமலைக்கு நடந்தே போயிருக்கிறேன். போன தடவை கரிமலையில் பார்த்த ஒன்று இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. அதை உங்களிடம்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

அன்று விடியுமுன் அழுதையில் முங்கி எழுந்து, ஆற்றிலிருந்து ஆளுக்கொரு கல் எடுத்துக்கொண்டு ஏறினோம். மகிஷி என்ற அரக்கியின் உடலைக் கல்லால் மூடிய இடம் என்று சொல்லப்படும் கல்லிடும் குன்றில் அதைப் போட்டுவிட்டு, இஞ்சிப்பாறைக் கோட்டை, முக்குழி என்று நடை. வெறுங்கால், தலையில் இருமுடி, தோளில் போர்வை வைத்த பை. கரிமலை ஏற்றத்தில் மரவேர்கள்தான் படிக்கட்டு. முன்னால் போன சாமி ‘ஏத்திவிடப்பா’ என்றால், ‘தூக்கிவிடப்பா’ என்று திருப்பிச் சொல்ல எங்களுக்கு மூச்சு இல்லை.

உச்சி தாண்டி இறங்கும்போது பாதையோரம் யானை லத்தி கிடந்தது. ஈரம் காயவில்லை. நார்நாராகச் செரிக்காத புல், மூங்கில். நடுவில் சுருண்ட ஒரு பிளாஸ்டிக் கவர். குச்சியால் தள்ளிப் பார்த்தேன், வெல்லம் வந்த கவர். மேலே அச்சடித்த எழுத்துகூட அழியவில்லை. அதே மாதிரிக் கவர் என் இருமுடியிலும் இருந்தது.

அதற்குப் பிறகு பெரியானவட்டம் வரைக்கும் சரணம் சொல்ல வாய் வரவில்லை.

நாம் நடப்பது பெரியாறு புலிகள் காப்பகத்தின் காட்டில். 1978 முதல் அது புலிகள் காப்பகம். நாம் ஒரு நாள், இரண்டு நாள் கடந்து போகிறோம். யானை மாதிரி காட்டு விலங்குகள் அங்கேயே குட்டி போட்டு வளர்கின்றன.

அறிவிப்புப் பலகைகளை எந்தச் சாமியும் நின்று படிப்பதில்லை. நீங்கள் சொன்னால் கேட்பார்கள். கட்டு நிறைக்க என்ன வாங்கி வர வேண்டும் என்று பட்டியல் தருவது நீங்கள்தானே. இப்போது எல்லோரும் கடையில் ‘இருமுடி செட்’ வாங்கிவிடுகிறோம். மஞ்சள்தூள், விபூதி, அவல், கல்கண்டு எல்லாமே குட்டிக் குட்டி பாக்கெட், பன்னீருக்கு ஒரு பாட்டில். இருமுடியில் கற்பூரம், ஊதுபத்தி, பன்னீர், பிளாஸ்டிக் வேண்டாம் என்று 2024-இல் சபரிமலைக் கோயிலின் தலைமை அர்ச்சகரான தந்திரியே சொல்லிவிட்டார். நெய்த்தேங்காய், அரிசி, வெல்லம் எல்லாம் துணி முடிச்சில் போனால் போதாதா, குருசாமி?

அப்புறம் இருமுடியின் பின்பக்கக் கட்டான பின்முடி. வழிச்சாப்பாட்டுக்குத்தான் அது. நடக்க நடக்கக் காலியாகிக்கொண்டே வரும். தின்ற பொட்டலத்தின் உறையை அதிலேயே திரும்பப் போட்டுக்கொள்ள இடம் தாராளமாக இருக்கிறது. ஊர் வந்து குப்பையில் போட்டுக்கொள்ளலாம். இதை வழியில் சொல்லாமல் கட்டு நிறைக்கும்போதே, சரணம் சொல்லிச் சொல்லுங்கள். காட்டுக்குள் கால் வலிக்க ஆரம்பித்த பிறகு யாருக்கும் எதுவும் ஏறாது.

பம்பையில் உடுத்த துணியை விடுவதையும் தயவுசெய்து நிறுத்தச் சொல்லுங்கள். அது சடங்கே இல்லை. பக்கத்தில் குளிப்பவர் விடுவதைப் பார்த்துக் கன்னிசாமிகளும் விடுகிறார்கள்.

எங்கள் குருசாமியிடம் பேசிவிட்டேன். இந்தக் கார்த்திகைக்கு எங்கள் குழுவில் இருபத்திரண்டு பேர். பழைய வேட்டிகளைக் கிழித்து என் அம்மா சுருக்குப்பை தைக்க ஆரம்பித்துவிட்டார். அளவு வேண்டுமானால் கேளுங்கள், தைத்தும் தருகிறோம்.

சாமியே சரணம் ஐயப்பா.