ஒன்றும் விசேஷமில்லை

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அப்பாவின் முழங்கால் வலி மட்டும் அப்படியேதான் இருக்கிறது. அதுவும் இப்போது வீட்டில் ஒரு ஆள் மாதிரி ஆகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை போனில் "ஊரில் என்னம்மா விசேஷம்?" என்று கேட்டாய். "ஒன்றும் விசேஷமில்லைப்பா" என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகு மனசு கேட்கவில்லை. விசேஷம் இருந்தது. போனில் சொன்னால் அரை நிமிஷத்தில் முடிந்துவிடும், நீயும் "அப்படியா, சரிம்மா" என்பாய். அதனால் உன் பழைய கணக்கு நோட்டில் மிச்சமிருந்த தாளைக் கிழித்து எழுதுகிறேன். பக்கத்து வீட்டுப் பிள்ளை படம் எடுத்து உனக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறது.

தோப்பில் 2019 ஆடியில் வைத்த தென்னம்பிள்ளைகளில், வாய்க்கால் ஓரத்தில் நிற்பது முதல் குலை தள்ளி முற்றியும்விட்டது. மரம் ஏற ஆள் கூப்பிட வேண்டியதில்லை. அப்பா தரையில் நின்றபடியே அரிவாளால் அறுத்தார். நாலு காய். ஒன்று பிள்ளையாருக்கு. இன்னொன்றை நான் உடைத்தேன், தண்ணீர் ஆளுக்குப் பாதி. ஒரு மூடியைத் துருவி, பச்சை மிளகாயும் பொட்டுக்கடலையும் போட்டு மிக்ஸியைத் திருகினேன். அது ஓடுகிற சத்தத்தில் ஏனோ அப்படியே நின்றுவிட்டேன். சட்னி மாவாய்ப் போய்விட்டது.

கஜா புயல் நினைவு வந்துவிட்டது, தம்பி. 2018 நவம்பர் 16. நீ சிங்கப்பூர் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. அந்த ராத்திரியைப் பற்றி உனக்குக் கொஞ்சம்தான் சொல்லியிருக்கிறேன். ஒரு பக்கமிருந்து அடித்த காற்று சற்று ஓய்ந்தது, முடிந்தது என்று நினைத்தோம். அப்புறம் எதிர்ப்பக்கமிருந்து திரும்ப வந்தது. அப்பா கொல்லைக் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். தோப்புப் பக்கமிருந்து தொம் தொம் என்று சத்தம். முதலில் அவர் ஒவ்வொன்றாய் எண்ணினார். அப்புறம் எண்ணுவதை நிறுத்திவிட்டார்.

இரண்டு ஏக்கரில் 140 மரம். விடிந்து பார்த்தால் நின்றது 11. அதுவும் கொண்டை திருகிப்போய். நிவாரணம் மரத்துக்கு 1,100 ரூபாய் என்று அறிவித்தார்கள், அதில் 500 விழுந்த மரத்தை வெட்டி அப்புறப்படுத்த. உன் தாத்தா குடத்தில் தண்ணீர் சுமந்து வளர்த்த மரங்கள் அவை. அப்பா இரண்டு நாள் தோப்புப் பக்கம் போகவில்லை. சாப்பிட்டார், பேசவில்லை.

கரண்ட் 26 நாள் இல்லை. இருட்டு பழகிவிட்டது, தண்ணீர்தான் பழகவில்லை. மோட்டார் ஓடாது. கோயிலுக்குப் பக்கத்து அடிபம்பில் விடியற்காலை மூன்று மணிக்கே குடங்கள் வரிசை கட்டும். அந்த வயசில் நான் தொங்கித் தொங்கி அடித்த அடியில் உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. அப்புறம் அம்மி. அம்மியில் அரைத்தால் ருசியே தனி என்று டிவியில் ஒரு அம்மாள் சொன்னாள். 26 நாள் தொடர்ந்து அரைத்துவிட்டு வந்து சொல்லட்டும், கேட்டுக்கொள்கிறேன்.

கரண்ட் கொடுக்க வெளிமாவட்டத்து ஈ.பி. ஆட்கள் வந்தார்கள். சேலம் பக்கம் என்று நினைக்கிறேன், பேச்சு அப்படி இருந்தது. நம் தெருவுக்குக் கம்பம் நட்டு, கம்பி இழுத்து, சாயங்காலம் ஆறரைக்குப் பல்பு எரிந்தபோது தெருவே கத்தியது. சின்னப் பிள்ளைகள் எல்லா சுவிட்சையும் போட்டுப் போட்டு அணைத்தார்கள். பால் இல்லை, கடுங்காப்பிதான் போட்டுக் கொடுத்தேன். அவர்களில் ஒருவர் குடித்துவிட்டு, "தேங்காய் எண்ணெய் இருக்குமாம்மா?" என்று கையை நீட்டினார். கம்பி இழுத்து இழுத்து இரண்டு உள்ளங்கையும் தோல் உரிந்து சிவந்து கிடந்தது. எண்ணெய்க்கா பஞ்சம்? மரம் விழுவதற்கு முந்தைய மாதம் ஆட்டிய எண்ணெய் தூக்கு நிறைய இருந்தது. ஊற்றினேன். என் கொப்பளித்த கையையும் பார்த்தார். இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. பெயர் கேட்க மறந்துவிட்டேன். இப்போதும் மின்விசிறியைப் போடும்போது சில நாள் அந்தக் கை ஞாபகம் வரும்.

புயலுக்கு நன்றி சொல்கிறேன் என்று நினைத்துவிடாதே. கஷ்டம் வந்ததால்தான் அருமை தெரிந்தது என்று யாராவது என்னிடம் சொன்னால் இன்றைக்கும் கோபம்தான் வரும். அந்த 140 மரமும் நின்றிருந்தாலே எனக்கு எல்லா அருமையும் தெரிந்திருக்கும்.

ஆனால் அந்த நாட்களில் நான் சாமியிடம் பெரிதாக எதுவும் கேட்கவில்லை, தம்பி. பழையபடி ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை வேண்டும் என்றுதான் கேட்டேன். குழாயைத் திறந்தால் தண்ணீர், மதியம் விசிறிக்கடியில் ஒரு தூக்கம், உன்னிடம் போனில் பேசும்போது சொல்ல ஒன்றுமில்லாமல் இருப்பது. டவர் விழுந்து உன்னிடம் நாலு நாள் பேச முடியாமல் போனபோது நீ அங்கே என்ன பாடுபட்டாய் என்று நீயே சொல்லியிருக்கிறாய். இப்போது கேட்டது கிடைத்திருக்கிறது. அதைத்தான் "ஒன்றும் விசேஷமில்லை" என்றேன். நான் சொன்னதற்கு அர்த்தம் அது.

நீ சொல்லும் "ஒன்றுமில்லைம்மா" வேறு. 2020-இல் கொரோனா வந்து, நீங்கள் தங்கியிருந்த விடுதியை ஏப்ரலில் பூட்டினார்களே, அப்போதும் தினமும் அதையேதான் சொன்னாய். ஒரே அறையில் அத்தனை பேர், வெளியே போக முடியாது, பொட்டலச் சோறு என்பதெல்லாம் உன் கூட்டாளியின் அம்மா சொல்லித்தான் மாசம் கழித்து எனக்குத் தெரிந்தது. நான் பயப்படுவேன் என்றுதான் மறைத்தாய். தெரியும். ஆனாலும் இனி அப்படிச் சொல்லாதே. என்ன சாப்பிட்டாய், யார் சமைத்தது, கட்டிலுக்கு நேராக விசிறி காற்று வருகிறதா, இல்லை அடுத்தவனுக்குத்தான் போகிறதா, இதையெல்லாம் சொல்லு. எனக்கு விசேஷம் அதுதான்.

மிச்சமிருந்த இரண்டு காயில் ஒன்றை அப்பா உனக்கென்று தாழ்வாரத்து மூலையில் எடுத்து வைத்திருக்கிறார். நீ பொங்கலுக்கு வருவதற்குள் அது முளை விட்டுவிடும் என்று சொன்னேன். "முளைச்சா நட்டுட்டுப் போவான்" என்கிறார்.

மொட்டை மாடியில் தொட்டி நிரம்பி வழிகிற சத்தம் கேட்கிறது. மோட்டாரை நிறுத்தப் போகிறேன்.

அம்மா