மதத்தின் பெயரைக் கேட்பதற்கு முன்

சீனாவில் மதக் கருத்துக்கணிப்பு நடத்தும் ஆய்வாளர்களுக்கு,

வணக்கம். உங்கள் படிவத்தில் இருக்கும் ஒரே ஒரு கேள்வியைப் பற்றித்தான் எழுதுகிறேன்: "உங்கள் மத நம்பிக்கை என்ன?" 2018-இல் நடந்த ஒரு கணிப்பில் இதற்கு ஏதாவது ஒரு மதத்தைச் சொன்னவர்கள், வயது வந்தோரில் 10 சதவீதம்தான். அதே ஆண்டு நடந்த இன்னொரு கணிப்பில், குடும்பக் கல்லறைக்குப் போய்வந்ததாகச் சொன்னவர்கள் 75 சதவீதம். புத்தரையோ, புத்தநிலையை நோக்கிப் போகும் போதிசத்துவரையோ நம்புவதாகச் சொன்னவர்கள் 33 சதவீதம். ஆனால் முதல் எண்தான் செய்தியாகிறது, "மதமே இல்லாத நாடு" என்று. இதைப் படிக்கும்போதெல்லாம் மனசு ஆறமாட்டேன் என்கிறது.

வடசீனக் கிராமத்துச் சமையலறை ஒன்றை நினைத்துப் பாருங்கள். அடுப்புக்கு மேலே சுவரில் ஒட்டிய காகிதத்தில் அடுப்புத் தெய்வம். சீன நாட்காட்டியில் பன்னிரண்டாம் மாதம் 23-ஆம் நாள் அவர் மேலுலகம் போய் அந்த வீட்டின் நல்லது கெட்டதை ஒப்பிப்பார். நல்லதாகவே சொல்லட்டும் என்று உதட்டில் தேனைத் தடவி, படத்தை எரித்து வழியனுப்புவார்கள். புத்தாண்டுக்குப் புதுப் படம் வந்துவிடும். இதற்குப் பூசாரி வேண்டாம், உறுப்பினர் பட்டியலும் கிடையாது. அந்த வீட்டு அம்மாவிடம் "உங்கள் சோங்ஜியாவ் எது?" என்று, மதத்துக்கான சீனச் சொல்லை வைத்துக் கேட்டால், "ஒன்றுமில்லை" என்பார். பொய்யில்லை. "சோங்ஜியாவ்" என்ற சொல்லே 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பியச் சொல்லுக்கு ஈடாக ஜப்பான் வழியாக வந்தது. அரசு அங்கீகரித்த ஐந்து மதங்களான பௌத்தம், தாவோயிசம், இஸ்லாம், கத்தோலிக்கம், புராட்டஸ்டன்ட் ஆகியவைதான் அந்தச் சொல்லைக் கேட்டதும் நினைவுக்கு வரும். அடுப்புத் தெய்வம் அதில் எங்கே?

சமூகவியலாளர் சி. கே. யாங் 1961-லேயே இதை விளக்கிவிட்டார். தனி அமைப்பாக நிற்கும் மதம் ஒன்று; குடும்பம், தொழில், ஊர் வாழ்க்கை எல்லாவற்றிலும் கலந்து கிடக்கும் மதம் இன்னொன்று. சீனாவில் வலுவானது இரண்டாவதுதான் என்றார். உங்கள் கேள்வி இன்னும் முதலாவதை மட்டுமே தேடுகிறது.

சரி, கல்லறைக்குப் போகிறவர்களையெல்லாம் பக்தர்கள் என்று எழுதுங்கள் என நான் சொல்லவில்லை. முன்னோர் கல்லறைக்குப் போகும் சிங்மிங் நாள் 2008 முதல் பொது விடுமுறை. குடும்பக் கடமைக்காகப் போகிறவர்களும் இருப்பார்கள். அதனால்தான் செயலைக் கேளுங்கள் என்கிறேன். கடைசியாக ஊதுபத்தி ஏற்றியது எப்போது, யாருக்காக? கல்யாணத்துக்கு நாள் குறித்தது யார்? கல்லறையில் என்ன படைத்தீர்கள், என்ன வேண்டிக்கொண்டீர்கள்? மதத்தின் பெயரைக் கேட்கும் கேள்வி அப்புறம், கடைசிப் பக்கத்தில் வரட்டும். இந்த விடைகள் கைக்கு வரும்வரை "மதமற்றவர்" என்று யாரையும் அட்டவணையில் போடாதீர்கள்.

இப்படிக்கு,
சமூகவியல் படிக்கும் ஒரு வாசகர்