டயாலிசிஸ் நோயாளியிடம் வயிற்றைப் பற்றியும் கேளுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மலச்சிக்கல் தீர இரவில் இரண்டு வாழைப்பழம், காலையில் வெறும் வயிற்றில் வாழைத்தண்டுச் சாறு, நாள் முழுக்க மூன்று லிட்டர் தண்ணீர் என்று யாராவது குறிப்பு எழுதி அனுப்பினால், 'டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் செய்யக் கூடாது' என்று ஒரு வரி சேர்த்துப் போடுங்கள். வாழைத்தண்டு 'கிட்னிக்கு நல்லது' என்று பெயர் வாங்கிவிட்டதால், என்னைப் பார்க்க வரும் உறவினர்கள் தண்டும் கையுமாகத்தான் வருகிறார்கள். கல் இருப்பவருக்குச் சொல்லும் வைத்தியத்தை, சிறுநீரகமே நின்றுபோனவன் தலையில் கட்டுகிறார்கள். அந்தச் சாற்றில் எங்களுக்கு ஆகாத பொட்டாசியம் என்ற தாது உப்பும் உண்டு, தண்ணீர்க் கணக்கும் ஏறும். ஆசையாகக் கொண்டுவருகிறவரிடம் இதை எப்படிச் சொல்வது?

நான் அரசுப் பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவன். சர்க்கரை நோயால் சிறுநீரகம் போய், வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ். ஒரு தடவைக்கு நான்கு மணி நேரம். ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் நீர் என்று அளவு. காபி, மோர், ரசம் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். கீரை, இளநீர், வாழைப்பழம் கிடையாது. சாப்பாட்டில் வரும் பாஸ்பரஸும் எங்களுக்குச் சேரக் கூடாது என்பதால் அதைப் பிடிக்கும் மாத்திரை, ரத்தம் ஊற இரும்பு மாத்திரை. இத்தனையும் சேர்ந்தால் வயிறு இறுகாமல் என்ன செய்யும்? பக்கத்துப் படுக்கைக்காரர்களிடம் பேச்சுக் கொடுத்தால், கூச்சம் விட்டதும் பெரும்பாலோர் சொல்வது இதைத்தான். உள்ளே போனதும் எடை பார்க்கிறார்கள், பிரஷர் பார்க்கிறார்கள். வெளிக்குப் போனீர்களா என்று மட்டும் கேட்பதில்லை.

செவிலியராக இருக்கும் என் மகள் சொல்லித்தான் இதன் தீவிரம் புரிந்தது. சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்குப் பொட்டாசியத்தின் பெரும்பகுதி சிறுநீரில் போய்விடும். எங்களுக்கு அந்த வழி அடைபட்டதால் பெருங்குடல் வழக்கத்தைவிடக் கூடுதலாக அதை வெளியேற்றுகிறது. குடலும் நாள்கணக்கில் அசையாவிட்டால் பொட்டாசியம் ரத்தத்திலேயே நிற்கும். அது கூடினால் இதயத்துக்கு ஆபத்து. இன்னொன்று, குடலில் தங்கும் புரதக் கழிவைக் கிருமிகள் சிதைப்பதால் இண்டாக்சில் சல்பேட், பி-கிரெசில் சல்பேட் போன்ற நச்சுகள் உண்டாகின்றன. இவை ரத்தத்தில் உள்ள ஆல்புமின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால் டயாலிசிஸ் மெஷின் அவ்வளவாக இழுத்துப் போடுவதில்லை. நார்ச்சத்து சேர்ந்தால் நல்ல கிருமிகளுக்குத் தீனி கிடைக்கும், இந்த நச்சும் குறையக்கூடும் என்று டயாலிசிஸ் நோயாளிகளிடமே செய்த சிறிய ஆய்வுகள் சொல்கின்றனவாம்.

பையில் உள்ள மருந்துத் தண்ணீரைக் குழாய் வழியாக வயிற்றுக்குள் விட்டு வடித்து, வீட்டிலேயே பை மாற்றிச் செய்யும் வயிற்று டயாலிசிஸ்காரர்களுக்கு வேறு தொல்லை. மலம் கட்டினால் வயிற்றுக்குள் இருக்கும் குழாய் இடம் மாறி, விட்ட தண்ணீர் சரியாக வடியாது. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் அந்தப் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். நல்ல காரியம். கொண்டுவருபவர் இதையும் ஒரு வார்த்தை கேட்கலாம்.

எங்களுக்குக் கொடுத்த உணவுத் தாளில் ஒரு பக்கம் முழுக்கக் 'கூடாது'. 'சாப்பிடலாம்' என்ற பக்கத்தில் புளூபெரி, செலரி, லெட்டூஸ்! அருப்புக்கோட்டைச் சந்தையில் புளூபெரியை யார் கண்டது? பிறகு மதுரையில் ஓர் உணவியல் ஆலோசகரிடம் பணம் கட்டிக் கேட்டோம். புடலை, பீர்க்கை, சுரை, கோவைக்காய், முட்டைக்கோஸ் போன்றவற்றை நறுக்கி ஊறவைத்து, வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தாளிக்கச் சொன்னார். பொட்டாசியம் தண்ணீரோடு நிறையப் போய்விடும், நார் பெரும்பாலும் காயிலேயே இருக்கும். ஆப்பிளைத் தோலோடு கொஞ்சம். இரவில் சோற்றுக்குப் பதில் கோதுமை ரவை உப்புமா. ரவையில் பாஸ்பரஸ் இருக்கிறதே என்று என் மனைவி கேட்டார். தானியத்தில் இருப்பது முழுதாக உடம்பில் சேராது, கோலாவிலும் பாக்கெட் தீனியிலும் சேர்க்கிற பாஸ்பேட்தான் ஏறக்குறைய அப்படியே சேரும் என்றார். எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும், இல்லையென்றால் வயிறு உப்பும். இது என் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துச் சொன்னது. அடுத்த படுக்கைக்காரருக்கு வேறாக இருக்கலாம்.

மலச்சிக்கலுக்குச் சாப்பிடும் இசப்கோல் உமிக்கு ஒரு டம்ளர் தண்ணீர் வேண்டும்; அதையும் ஒரு லிட்டரில்தான் கழிக்க வேண்டும். தண்ணீரில்லாமல் விழுங்கினால் உள்ளே அடைத்துக்கொள்ளும். மருந்துக் கடையில் தாமாகவே வாங்கும் மெக்னீசியம் கலந்த பேதி மருந்தோ எங்களுக்கு ஆபத்து. அந்த மெக்னீசியத்தை வெளியேற்றச் சிறுநீரகம் இல்லையே.

சுகாதாரத் துறை அதிகாரிகள் கவனத்துக்கு: டயாலிசிஸ் நடக்கும் இடங்களுக்கு மாதம் ஒரு முறையாவது உணவியல் ஆலோசகர் வரட்டும். நம் ஊர்க் காய்கறிப் பெயர்களோடு தமிழில் ஒரு தாள் அச்சடித்துக் கொடுங்கள். எடையும் பிரஷரும் எழுதும் நோட்டில், கடைசியாக வெளிக்குப் போனது என்றைக்கு என்று எழுத இன்னொரு கட்டம் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர்,
அருப்புக்கோட்டை.