வீராணம் கரை காலை நடையர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், குடும்பத்தோடு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழுக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. சந்தா பாக்கி பெரும்பாலும் வசூலாகிவிட்டது. வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். எனக்குத் தந்திருக்கும் நேரத்தை மார்கழி நடைக்கே செலவிட விரும்புகிறேன். இந்த ஆண்டு நாம் எடுத்த ஒரே பெரிய முடிவு அதில் பிறந்ததுதான்.

மார்கழி முதல் நாள் லால்பேட்டையில் கூடினோம். காட்டுமன்னார்கோயில்காரர்கள் மப்ளரும் குல்லாயுமாக முன்னதாகவே வந்து நின்றார்கள். பஜ்ர் தொழுகை முடிந்த கையோடு பாய்மார்கள் வந்து சேர்ந்ததும், ஐந்தே முக்காலுக்குக் கரைமேல் வடக்கே நடக்கத் தொடங்கினோம். இடப்புறம் ஏரி, வலப்புறம் கீழே சம்பா வயல். அன்று இரண்டுமே கண்ணில் படவில்லை. அப்படியொரு பனி. ஏரி இருக்கிற பக்கத்தைத் தண்ணீர் கரையில் மோதும் ஓசையால்தான் அறிந்தோம். நீர்க்காகம் ஒன்று சிறகடித்து எழும்பிய சத்தம் மட்டும் கேட்டது. ஆறரை மணிக்கு மேல் வயல் பக்கம் வெளுத்து, பனி ஆள் உயரத்துக்கு இறங்கியபோது, ஏரிக்குள் வலைக்காரர் ஒருவர் இடுப்புக்குக் கீழே எதுவும் இல்லாதவர்போல மிதந்து போனார். முப்பது வருஷமாக இந்தக் கரையில் நடக்கிறேன், அந்தக் காட்சியை இதற்கு முன் கண்டதில்லை.

புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்காக ஒன்று சொல்ல வேண்டும். பத்தாம் நூற்றாண்டில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில் வெட்டிய ஏரி இது. அவனுடைய வீரநாராயணன் என்ற பட்டப்பெயரே ஏரிக்கும் ஆயிற்று. அந்தப் பெயரையே தாங்கிய பெருமாள் கோயில் கொண்ட ஊரில்தான், நாலாயிரத்தைத் தொகுத்த நாதமுனிகள் பிறந்தார். நாம் நடக்கையில் காட்டுமன்னார்கோயில் பக்கமிருந்து வரும் திருப்பாவையைக் கேட்கும்போது எனக்கு அந்த நினைவு வராமல் போவதில்லை. ஏரியின் முழுமட்டம் 47.5 அடி, கொள்ளளவு 1465 மில்லியன் கன அடி. கீழணையிலிருந்து வடவாறு வழியாகக் கொள்ளிடத் தண்ணீர் வருகிறது. நாற்பத்து நாலாயிரம் ஏக்கருக்கு மேல் பாசனம். 2004 முதல் சென்னைக்கும் குடிதண்ணீர் போகிறது. காலையில் டீக்கடையில் "மட்டம் எவ்வளவு?" என்பதுதான் முதல் பேச்சு. பால் பிடிக்கிற பருவத்தில் நிற்கும் கதிருக்கு அந்த ஓர் அடி எத்தனை முக்கியம் என்று விவசாயி வீட்டில் வளர்ந்த எல்லோருக்கும் தெரியும்.

இனி அன்றைய சம்பவம். திரும்பி வரும்போது வெயில் ஏறியும் பனி முழுதாக விலகவில்லை. பின்விளக்கு இல்லாத கரும்பு டிராக்டர் ஒன்று எங்களுக்குப் பின்னாலிருந்து வந்தது. அதை முந்திய மோட்டார் சைக்கிள்காரர் நம்மவர்களைப் பார்க்கவே இல்லை. எழுபது வயதைக் கடந்த நம் மூத்த உறுப்பினர் கரைச்சரிவில் குதித்துத் தப்பினார். கணுக்கால் சுளுக்கியதோடு போயிற்று. அவர் இங்கே முன்வரிசையில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போது எனக்கு இன்னும் கை நடுங்குகிறது. அன்று நாம் சாலையின் இடப்புறமாக, நாலு பேர் வரிசையாகப் பேசிக்கொண்டு நடந்தோம். வழி நடத்தியவன் நான். தவறு என்னுடையது. அதற்காக இந்த அவையில் மன்னிப்புக் கேட்கிறேன்.

அதன் பிறகு செயற்குழு முடிவு செய்தது இதுதான்: மார்கழி, தை இரண்டு மாதமும் ஆறேகால் மணிக்கு முன் யாரும் கரையேறக் கூடாது. எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி வலப்புறமாகவே நடக்க வேண்டும். அதாவது போகும்போது வயல் பக்கம், திரும்பும்போது ஏரிப் பக்கம். ஏரியைப் பார்த்துக்கொண்டே போக முடியவில்லை என்று சிலர் வருத்தப்பட்டார்கள். நியாயமான வருத்தம்தான். ஆனால் வெளிச்சம் வந்த பிறகு ஏரியை ஒட்டித் திரும்பி வருவது இன்னும் நன்றாகவே இருக்கிறது. தண்ணீருக்குமேல் கடைசிப் பனி கலைவதை நின்று பார்க்க முடிகிறது. இரண்டு பேருக்குமேல் இணைந்து நடக்க வேண்டாம். ஒளிரும் பட்டை தைத்த மேல்சட்டை வாங்க நிதி ஒதுக்கியிருக்கிறோம். அதைப் போட வெட்கப்படும் பெரியவர்களுக்கு, பேரப்பிள்ளைகள் எடுத்துச் சொல்ல வேண்டுகிறேன்.

கரையில் குப்பை பொறுக்கும் பணி மாதம் ஒரு ஞாயிறு நடக்கிறது. தண்ணீர் பாட்டிலும் பொட்டலக் காகிதமும்தான் அதிகம். கொடிக்கால் வேலைக்குப் போகும் அம்மாக்கள் இரண்டு முறை தாங்களாகவே வந்து கைகொடுத்தார்கள். அவர்களை உறுப்பினராக்கிச் சந்தா இல்லாமல் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று முன்மொழிகிறேன்.

அடுத்த மார்கழி முதல் நாள், ஆறேகாலுக்கு, லால்பேட்டை டீக்கடை வாசலில் கூடுவோம். கைவிளக்கு இருப்பவர்கள் எடுத்து வாருங்கள்.

செயலாளர்