மஹா, மாய், அப்புறம் உன் அம்மாவின் நடவுப் பாட்டு

நைரோபி
ஞாயிறு இரவு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று எழுதியிருந்தாய், படித்ததும் பெரிய நிம்மதி. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடச் சொல். கொஞ்ச நாளைக்கு அடுப்புப் பக்கமே போக வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல், கேட்க மாட்டார்கள், ஆனாலும் சொல். சின்னவள் தமிழ் இலக்கியம் எடுக்கப் போகிறாள் என்பதில் உனக்கு ஏன் கவலை என்று எனக்குப் புரியவில்லை. அவள் எடுக்கட்டும்.

"சோமாலிக்காரர்கள் கடையில் கணக்கு எழுதுகிறாயே, அவர்களிடம் எப்படிப் பேசுகிறாய், பயமாக இல்லையா" என்று கேட்டிருந்தாய். பயமெல்லாம் எப்போதோ போய்விட்டது. பேசுவதைப் பற்றித்தான் ரொம்ப நாளாக உனக்கு எழுத நினைத்திருந்தேன்.

எங்கள் கடை இருப்பது ஈஸ்ட்லீயில். சோமாலிகள் அதை இஸ்லீ என்பார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் இங்கே நம் நாட்டிலிருந்து வந்தவர்கள் நிறைய பேர் குடியிருந்தார்கள். 1991-ல் சோமாலியாவில் அரசு கவிழ்ந்து சண்டை முற்றியபோது ஓடி வந்தவர்கள் கரிஸ்ஸா லாட்ஜ் என்ற விடுதியில் தங்கினார்கள், தங்கிய அறையிலேயே கட்டிலில் துணியைப் பரப்பி விற்க ஆரம்பித்தார்கள், ஒவ்வொரு அறையாகக் கடை ஆகி கடைசியில் விடுதியே வணிக வளாகமாக மாறிவிட்டது. இன்றைக்கு அதே மாதிரி எத்தனையோ வளாகங்கள். நான் இருப்பதும் அப்படி ஒன்றில், மூன்றாவது மாடியில் ஒரு மொத்தத் துணிக் கடையில்.

காலையில் கடைக்குப் போனதும் முதல் கேள்வி "இஸ்க வர்ரன்?" நாம் சௌக்கியமா என்று கேட்கிற இடத்தில் கேட்பதுதான், ஆனால் சொல்லுக்குச் சொல் பார்த்தால் "உன்னைப் பற்றிச் செய்தி சொல்" என்று அர்த்தம். வர் என்றால் செய்தி. ஒட்டகத்தோடு நடக்கிற மனிதனுக்கு எதிரே வருகிறவன்தான் செய்தித்தாள்: மழை எங்கே பெய்தது, புல் எங்கே இருக்கிறது, எந்தக் கிணற்றடியில் சண்டை. பதில் "நபத்", அதாவது அமைதி. அமைதி என்று சொல்லிவிட்டுத்தான் மற்றதெல்லாம் பேச வேண்டும். எட்டு வருஷமாகத் தினமும் சொல்கிறேன், இன்னும் எனக்கு அந்த வார்த்தை அலுக்கவில்லை.

கடை முதலாளி அம்மா ஹர்கெய்ஸாவிலிருந்து வந்தவர், வடக்கு. கல்லாவில் இருக்கிற பையனுக்குப் பூர்வீகம் மொகதிஷு. இரண்டு பேரும் பேசுவது ஒரே சோமாலி, தடையில்லாமல் புரிந்துகொள்வார்கள், ஆனால் அந்த அம்மா பெண்பிள்ளையைக் "கபட்" என்பார், பையன் "கபர்" என்பான். "சொன்னான்" என்பதற்கு அவருக்கு "யிடி", இவனுக்கு "யிரி". வடக்கே இப்படி ட வருகிற பல இடங்களில் தெற்கே ர. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் நான் கபட் என்று சொன்னதும் அந்த அம்மா கை தட்டிச் சிரித்தார், வெளிநாட்டுக்காரன் வாயில் இந்த ட வந்து பார்த்ததே இல்லையாம். நாக்கை மடிக்கிற வேலையை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லையே! நம் தோசைக்குத் தம்பி மாதிரி புளித்த மாவில் ஒரு பக்கம் மட்டும் வேகவிட்டு எடுக்கிற பலகாரம் ஒன்று உண்டு, வடக்கே அது லஹோஹ், தெற்கே அஞ்சேரோ. தெற்கை இத்தாலிக்காரன் ஆண்டதால் அங்கே முள்கரண்டி ஃபர்கேத்தோ, ஐஸ்கிரீம் ஜலாத்தோ.

இதெல்லாம் ஒரே மரத்தின் கிளைகள். இந்தக் கிளைகளுக்கு மொத்தமாக ஒரு பெயர் உண்டு, மஹா திரி. அர்த்தம் என்ன தெரியுமா? "என்ன சொன்னாய்?" அதுதான் பெயர். ஏனென்றால் ஜுபா, ஷபெல்லே என்ற இரண்டு ஆறுகளுக்கு நடுவே, பைதோவா பக்கத்தில், இன்னொரு பேச்சு இருக்கிறது. அங்கே "என்ன" என்பதற்கு மஹா கிடையாது, மாய். அதனால் அந்தப் பேச்சுக்கே மாய் என்று பெயர். என்ன என்று கேட்கிற சொல்லை வைத்தே ஒருவரையொருவர் அடையாளம் கண்டிருக்கிறார்கள். எனக்கு இது தெரிந்த அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை மாப்பிள்ளை.

மாய் பேசுகிறவர் ஒருவர் எங்கள் கடையில் இருக்கிறார். மூட்டை தூக்குகிறவர், அறுபது வயது இருக்கும், பையன்கள் எல்லோரும் அவரை அதேர் என்பார்கள், அப்பாவோடு பிறந்தவர் என்று அர்த்தம். (அவர்களுக்கும் நம்மைப் போல உறவு பிரித்துச் சொன்னால்தான் தீரும்: அப்பாவின் சகோதரன் அதேர், தாய்மாமன் அப்தி, அத்தை எத்தோ. வேடிக்கை என்னவென்றால் தாய்மாமனும் மருமகனைத் திருப்பி அப்தி என்றே கூப்பிடுவார், அம்மாவும் பிள்ளையை அம்மா என்பாள். நம் வீட்டில் குழந்தையை "என்னப்பா" என்று கேட்பதில்லையா, அது போல.) வாயால் அதேர் என்று மரியாதையாகக் கூப்பிடுகிற அதே பையன்கள் அவர் பேசினால் சிரிப்பார்கள். சோமாலியில் தொண்டையின் அடியிலிருந்து வருகிற இரண்டு ஒலிகள் உண்டு, ஒன்று அழுத்தமான ஹ, இன்னொன்று அரபியில் ஐன் என்பார்களே அது. மாயில் இரண்டும் இல்லை. எனக்கும் அவை வராது. நான் சொன்னால் "பரவாயில்லை, இந்தியாக்காரர்" என்கிறார்கள். அவர் சொன்னால் மொழி தெரியாதவர் என்று ஆகிவிடுகிறது. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

இத்தனைக்கும் மாய் பேசுகிற பெரும்பாலானவர்களுக்கு மஹா நன்றாகத் தெரியும். மஹா பேசுகிறவர்களுக்குத்தான் மாய் புரியாது. 1972 அக்டோபரில் சோமாலிக்கு லத்தீன் எழுத்து வந்தது, அப்புறம் 1974-ல் பள்ளிகளை மூடி ஆயிரக்கணக்கான மாணவர்களை நாட்டுப்புறங்களுக்கு அனுப்பி எல்லோருக்கும் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். பெரிய காரியம், குறை சொல்ல மாட்டேன். எங்கள் முதலாளியின் அம்மா ஒட்டகப் பட்டியில் உட்கார்ந்து எழுத்துக் கற்றவராம். ஆனால் எழுத்து ஏறியது மஹாவுக்கு. பைதோவாப் பிள்ளை வீட்டில் ஒன்று பேசிவிட்டுப் பள்ளியில் வேறொன்றை எழுத வேண்டியதாயிற்று. 2012-ல் வந்த தற்காலிக அரசியலமைப்பு ஆட்சிமொழி சோமாலி, அது மாயும் மஹா திரியும் என்று இரண்டையும் பெயர் சொல்லி எழுதியிருக்கிறது. காகிதத்தில் வந்ததே பெரிது. கடைக்கு அது இன்னும் வந்து சேரவில்லை.

கவிதைக்கு வருகிறேன், நீ தமிழ் வாத்தியார், உனக்கு இதுதான் பிடிக்கும். கபய் என்பது அவர்களுடைய பெரிய பாட்டு, சபையில் ஆண்கள் சொல்வது. நம் மோனையைப் பெரும்பாலும் ஓர் அடிக்குள் பார்ப்போம் இல்லையா, அவர்கள் முழுப் பாட்டுக்கும் ஒரே மோனை வைப்பார்கள். முதல் அடியில் க எடுத்தால் நூறாவது அடி வரை க. அதுவும் ஒவ்வோர் அடியும் இரண்டு பாதி, ஒவ்வொரு பாதியிலும் அந்த எழுத்தில் தொடங்குகிற சொல் ஒன்று வந்தே ஆக வேண்டும். உயிரெழுத்து எடுத்தால் மட்டும் எந்த உயிரும் எந்த உயிரோடும் சேரலாம். யாப்புக் கணக்கும் நமக்குத் தெரிந்ததுதான்: குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு. நூற்றாண்டுகளாகக் காதாலேயே இந்தக் கணக்கைப் பிடித்து வந்தவர்கள், அது என்ன கணக்கு என்று வெளிப்படையாக எழுதி விளக்கியது 1976-ல்தான். செய்தவர் காரியே என்று அழைக்கப்பட்ட முகமது ஹாஷி தமா, அவரே பெரிய கவிஞர்.

ஒரே எழுத்தைப் பிடித்து நூறு அடி போக வேண்டுமென்றால் சொல் வேண்டுமே, அதனால்தான் பழைய சொற்கள் சாகாமல் இருக்கின்றன என்று நான் நினைக்கிறேன். ஒட்டகத்துக்கு மட்டும் எத்தனை: பெண் ஒட்டகம் ஹல், சுமை தூக்குவது அவ்ர், கன்று நிரிக், பொலி ஒட்டகம் பார்கப். நகரத்திலேயே வளர்ந்த பையனுக்கும் பாட்டு வழியாக இவை தெரிகின்றன. அப்புறம் ஒரு வழக்கம், எனக்கு மிகவும் பிடித்தது: பிறர் பாட்டைச் சொல்கிறவர் யார் பாடியது, எந்தச் சந்தர்ப்பத்தில் பாடியது என்று சொல்லிவிட்டுத்தான் தொடங்க வேண்டும், ஒரு சொல்லையும் மாற்றக் கூடாது. நம் தனிப்பாடல்களுக்கு இப்படி ஒரு காவல் இருந்திருந்தால் எத்தனை பெயர்கள் பிழைத்திருக்கும்.

காரியே 1979-ல் ஒரு பாட்டைத் தொடங்கினார், குலச்சண்டையைக் கண்டித்து, மோனை 'த'. அதற்கு மற்றவர்கள் பதில் பாடினார்கள், பதிலும் 'த'விலேயே இருக்க வேண்டும். பல டஜன் கவிஞர்கள் சேர்ந்தார்கள், கேசட்டில் பதிந்து கைமாற்றிக் கைமாற்றி நாடு முழுக்கப் போயிற்று. அதில் சேர்ந்த ஹத்ராவி 1973 முதல் 1978 வரை பாட்டுக்காகச் சிறையில் கிடந்தவர், 2003-ல் அமைதி வேண்டும் என்று வடக்கிலிருந்து தெற்கே பயணம் போனவர். 2022 ஆகஸ்டில் ஹர்கெய்ஸாவில் இறந்தார். அன்றைக்கு எங்கள் முதலாளி அம்மா கடையைச் சீக்கிரம் மூடிவிட்டு, ஷட்டரை இறக்கி, உள்ளே உட்கார்ந்து ஃபோனில் அவர் குரலைக் கேட்டுக்கொண்டே இருந்தார். நானும் உட்கார்ந்திருந்தேன். பாதிதான் புரிந்தது.

பெண்களின் பாட்டு புராம்பூர். கல்யாண வீட்டில் கொட்டு அடித்துக்கொண்டு ஒருத்தி பாட மற்றவர்கள் கை தட்டி ஆடுவார்கள். ஆண்களின் கபயை மனப்பாடம் செய்து பெயரோடு காப்பாற்றிய அளவுக்குப் பெண்கள் பாட்டை யாரும் காப்பாற்றவில்லை. 1854-ல் இந்தப் பக்கம் வந்த ஆங்கிலேயப் பயணி ரிச்சர்ட் பர்ட்டன் நாடு முழுக்கக் கவிஞர்களே நிறைந்திருக்கிறார்கள் என்று எழுதினார், அதை இன்றும் எல்லோரும் எடுத்துச் சொல்கிறார்கள். அவர் நடந்தது வடக்கில். ஆற்றங்கரைப் பக்கம் அவர் போகவில்லை.

போன மாதம் ஒரு சாயங்காலம் வளாகத்தில் கரண்ட் போயிற்று. ஜெனரேட்டர் வர நேரமாகும் என்றார்கள். வடக்கே இருக்கிற ஈசியோலோ என்ற ஊரிலிருந்து ராத்திரி பஸ்ஸில் மஞ்சள் கேன்களில் வருகிற ஒட்டகப் பால், அதில் ஏலக்காயும் பட்டையும் போட்டு டீ வந்தது. அந்தப் பாலில் ஒரு புகை வாசனை இருக்கும், பாத்திரத்துக்குப் புகை போடுவார்கள், முதலில் பிடிக்காது, பிறகு அது இல்லாத டீ டீயாகவே தெரியாது. மாசக் கடைசி என்பதால் பால்காரப் பெண்கள் ஹக்பத் பணம் பிரித்துக்கொண்டிருந்தார்கள், நம் ஊர்ச் சீட்டுதான், ஆனால் ஏலம் கிடையாது, தள்ளு கிடையாது, இந்த மாதம் யாருக்கு மிக அவசியமோ அவளுக்கு முழுத்தொகை. அன்றைக்கு எடுத்தவள் சந்தோஷத்தில் நாலு வரி புராம்பூர் பாடினாள். பாடி முடித்ததும் துணிப் பொதி மேல் உட்கார்ந்திருந்த அதேர், யாரும் கேட்காமலே, தன் மொழியில் தொடங்கினார்.

அவர்கள் பக்கத்தில் லாஷின் என்பார்கள், சபையில் நின்ற இடத்தில் பாட்டுக் கட்டுகிறவர். யோசித்து வைத்த பாட்டு அல்ல, அந்த நிமிஷத்துப் பாட்டு, கேட்கிறவர்கள் கடைசியைத் திருப்பிப் பாட வேண்டும். இங்கே திருப்பிப் பாட ஆள் இல்லை, ஒவ்வோர் அடி முடிவிலும் அவரே கொஞ்சம் நிறுத்தித் தானே திருப்பிப் பாடினார். கல்லாப் பையன் சிரிக்கவில்லை. முன்னால் குனிந்து "மஹா திரி?" என்று கேட்டான், உண்மையாகவே புரிந்துகொள்ள. அவர் ஒவ்வோர் அடியாக மஹாவில் சொன்னார், பையன் அதை எனக்கு ஸ்வாஹிலியில் சொன்னான். சோளக் கதிர் முற்றுகிற காலம், பரண் மேல் நின்று குருவி ஓட்டுவது, அறுத்த சோளத்தை மண்ணுக்கடியில் குழியில் கொட்டி மூடுவது. பகார் என்று அந்தக் குழிக்குப் பெயர். 1991, 92-ல் துப்பாக்கியோடு வந்த கூட்டங்கள் அந்தக் குழிகளைத் தோண்டி வாரிக்கொண்டு போனதால்தான் பைதோவா பக்கம் சனம் பட்டினியில் கொத்துக் கொத்தாகச் செத்தது. பாட்டில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. குழியை மூடியதோடு நிறுத்திவிட்டார்.

விளக்கு வந்ததும் அவர் என்னைப் பார்த்து, "உங்கள் ஊரில் வயலில் பாடுவார்களா" என்று கேட்டார். பாடுவார்கள் என்றேன். பாடு என்றார். எனக்கு வரவில்லை மாப்பிள்ளை. உன் வீட்டுப் பின்பக்கம் வரப்பில் உட்கார்ந்து கேட்டதெல்லாம் நினைவு இருக்கிறது, ராகம்கூட இருக்கிறது, சொல் ஒன்றும் நாக்கில் வரவில்லை.

அதனால் ஓர் உதவி. அம்மாவுக்குக் கண் தேறினதும், அவர்கள் பாடுவார்களே நடவுப் பாட்டு, நாத்து முடியை எறிகிறபோது பாடுவது, அதை ஃபோனில் பதிந்து எனக்கு அனுப்பு. நடுவில் நிறுத்தி "சரியாக ஞாபகம் இல்லை" என்று சொன்னாலும் பரவாயில்லை, அப்படியே அனுப்பு. யாரிடம் கற்றார்கள், எந்த வயலில் என்பதையும் அவர்கள் வாயாலேயே சொல்லச் சொல், இங்கே அதைச் சொல்லாமல் தொடங்க முடியாது. அதேர் நேற்றும் கேட்டார்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்