பன்னிரண்டு மணிக்கு நடை சார்த்திவிடுவார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மார்கழி, தை மாதங்களில் டெல்டாவின் சிற்றூர்களுக்கு ஒரு நாள் போய்வருவது பற்றித் தங்கள் இதழ் எழுதியது நல்ல காரியம். ஆனால் தாராசுரம், தரங்கம்பாடி, கோடியக்கரை மூன்றையும் ஒரே நாளில் அடைத்திருக்கும் அந்த அட்டவணையை நம்பிக் கிளம்புகிறவர்கள் பாதி நாளைப் பூட்டிய கதவுக்கு முன்னால் கழிப்பார்கள். இங்கே பெரும்பாலான கோயில்களில் பகல் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு நடை சார்த்தினால் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். மார்கழியில் விடியலுக்கு முன்பே திறந்துவிடுவதால் சில ஊர்களில் இன்னும் சீக்கிரமாகவே சார்த்துவதுண்டு. மாலை ஆறு மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும். ஆகவே நடுப்பகல் நாலு மணி நேரத்துக்கு முதலில் வழி பார்த்துவிட்டு மற்றதை அதைச் சுற்றி வைக்க வேண்டும்.

கும்பகோணத்திலிருந்து கிளம்புவதாக வைத்துக்கொள்வோம். காலை ஏழு மணி வாக்கில் தாராசுரம் போய்விடலாம். நாலு கிலோமீட்டர்தான், டவுன் பஸ் போதும். அதில் பெண்களுக்குக் கட்டணமும் இல்லை. இரண்டாம் ராஜராஜன் கட்டிய ஐராவதேசுவரர் கோயில் 2004-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அதன் பெருமை அளவில் இல்லை, நுணுக்கத்தில்தான். கருவறைச் சுவரின் அடியில் ஓடும் நாயன்மார் கதைச் சிற்பங்கள் மிகச் சிறியவை. உச்சி வெயிலில் அவை வெறும் கல்லாகத் தட்டையாய்த் தெரியும். சாய்ந்த வெயிலில்தான் முகமும் கையும் பிரிந்து தெரியும். மார்கழியில் சூரியன் தென்கிழக்கே உதித்துத் தெற்காகவே போவதால் வடபுறச் சுவரில் நாள் முழுக்க நேர்வெயில் விழாது. எனவே கிழக்கையும் தெற்கையும் முதலில் பார்த்துவிடுங்கள், வடக்குக்கு அவசரமில்லை. கோயில் தரை சுற்றுமட்டத்தைவிடத் தாழ்வு என்பதால் கனமழைக்கு மறுநாள் தண்ணீர் தேங்கியிருக்கும். அன்றைக்குப் போகாமலிருப்பதே மேல்.

நடுப்பகலுக்குச் சுவாமிமலை. முருகன் சந்நிதியை மாலைக்கு வைத்துக்கொண்டு முதலில் சிலை வார்க்கும் பட்டறைகளுக்குப் போகலாம். தேன்மெழுகோடு குங்கிலியமும் கடலை எண்ணெயும் சேர்த்து உருவம் பிடித்து, அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பல தடவை பூசி உலர்த்துகிறார்கள். பிறகு சூடேற்றி மெழுகை வடித்துவிட்டு, அந்த இடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுகிறார்கள். மண்ணில் ஈரம் மிச்சமிருந்தால் அது ஆவியாகி வார்ப்பைக் கெடுத்துவிடும். அதனால் தொடர்ந்து மழை பெய்த வாரத்தில் போனால் உளி வேலையும் அரம் போடுவதும்தான் கண்ணில் படும். வார்ப்பைப் பார்க்க ஆசையிருந்தால் நாலைந்து நாள் நல்ல வெயில் அடித்த பிறகு போங்கள். வேலை செய்கிறவரின் வெளிச்சத்தை மறைத்து நிற்காதீர்கள்.

விளக்கு வாங்க நினைப்பவர்கள் சுவாமிமலைக்குப் பதிலாகத் திருவாரூர் சாலையில் நாச்சியார்கோயிலுக்குப் போகலாம். குத்துவிளக்கின் பீடம், தண்டு, தட்டு, உச்சி எல்லாம் தனித்தனியாகக் கழலும். கடையிலேயே ஒவ்வொன்றையும் கழற்றி மாட்டி, மரை கோணாமல் ஏறுகிறதா என்று பாருங்கள். மரை சரியில்லாத விளக்கு எண்ணெய் ஊற்றியதும் ஒரு பக்கம் சாயும்.

தரங்கம்பாடிக்குத் தனி நாள் வேண்டும். கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறைக்கு ரயில், அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர் பஸ். டேனியர்கள் 1620-இல் கட்டத் தொடங்கிய கோட்டை, 1718-இல் எழுந்த புதிய எருசலேம் தேவாலயம், கடல் அரித்தது போக மிஞ்சியிருக்கும் மாசிலாமணிநாதர் கோயில் எல்லாம் நடக்கிற தூரத்தில்தான். கோட்டை அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. கோயிலுக்கு உகந்த நாள் என்று வெள்ளியன்று கிளம்பி வருகிறவர்கள்தான் இதில் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். வடகிழக்குப் பருவக்காற்று ஓயும்வரை இங்கே கடலில் இறங்கக் கூடாது. வங்கக்கடலில் தாழ்வு மண்டலம் என்று செய்தி வந்தால் கடற்கரை ஊர்களை விட்டுவிட்டுத் தஞ்சாவூர்ப் பக்கம் திரும்பிவிடுங்கள்.

பறவைகளுக்கு நேரம் வேறு. தஞ்சாவூர்–மன்னார்குடி சாலையில் வடுவூர் ஏரிக்குப் பத்து மணிக்குப் போய்ப் பயனில்லை. நாரையும் அரிவாள் மூக்கனும் அதற்குள் வயலுக்கு மேயப் போயிருக்கும். விடிந்து ஒன்றரை மணி நேரத்துக்குள், அல்லது நாலரைக்கு மேல், அவை கூடடையும்போது போக வேண்டும். கோடியக்கரையை இன்னொரு நாளாக, வேதாரண்யத்தில் முந்தின இரவு தங்கிப் பார்ப்பதுதான் சரி. கனமழையில் நீர்மட்டம் ஏறிவிட்டால் உள்ளான் போன்ற சிறு கரைப்பறவைகள் ஆழமில்லாத இடம் தேடிப் போய்விடும்.

எந்த வாரம் நல்லது என்றால், எங்கள் கணக்கில் பொங்கலுக்குப் பிந்தைய இரண்டு வாரம். மழை பெரும்பாலும் விட்டிருக்கும். மேட்டூர் அணையை வழக்கமாக ஜனவரி 28-இல்தான் மூடுவார்கள் என்பதால் ஆறுகளிலும் தண்ணீர் இருக்கும். ஆனால் சம்பா அறுவடை நடக்கிற காலம் அது. கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதத்துக்கு மேல் நெல்லை எடுப்பதில்லை, களத்துக்கும் பஞ்சம். அதனால் பாதிச் சாலையில் நெல் காயும். விவசாயியைத் திட்டிப் பயனில்லை. நெல்லைச் சுற்றி எல்லைக்கு வைத்திருக்கும் கற்கள் இருட்டில் தெரியாது. இரு சக்கர வாகனத்தில் வருகிறவர்கள் பொழுது சாய்வதற்குள் பெரிய சாலைக்கு வந்துவிட வேண்டும்.

அடுத்த முறை அட்டவணை போடும்போது நடை சார்த்தும் நேரம், வார விடுமுறை, திரும்பிவரக் கடைசி பஸ் மூன்றையும் ஊர்ப் பெயருக்குப் பக்கத்திலேயே அச்சிட வேண்டுகிறோம். படங்களின் இடத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
வாசகர்கள் சிலர்,
கும்பகோணம்