குலசாமி பெயரும் வாக்குச்சீட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

வாக்குச்சீட்டில் மேலே இருக்கிற பெயருக்கு ஓட்டு கூடுதலாக விழுமா என்று சென்ற இதழில் கேட்டிருந்தீர்கள். மொடக்குறிச்சித் தொகுதிக்காரர்களிடம் கேட்க வேண்டிய கேள்விதான்.

1996 சட்டமன்றத் தேர்தலில் எங்கள் தொகுதியில் 1,033 பேர் நின்றார்கள். விவசாயிகளின் குறையை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்ற கோபத்தில் ஆளாளுக்கு மனுப் போட்டதன் விளைவு. வாக்குப்பதிவையே ஒரு மாதம் தள்ளிவைத்து, வாக்குச்சீட்டைப் புத்தகமாகக் கொடுத்தார்கள். அப்போது கட்சிக்காரர், சுயேச்சை என்ற பிரிவெல்லாம் கிடையாது. எல்லாப் பெயரும் ஒரே அகர வரிசை. எங்கள் ஆத்தா மறைப்புக்குள் போய், எச்சில் தொட்டுத் தொட்டுப் பக்கம் புரட்டிக்கொண்டே இருந்தது. அதிகாரி குரல் கொடுத்ததற்கு, "சின்னத்தத் தேடறனுங்க சாமி" என்று உள்ளேயிருந்து பதில். ஜெயித்தவர் தி.மு.க.வின் சுப்புலட்சுமி ஜெகதீசன். 'சு' வருவதற்குள் எத்தனை பக்கம் புரட்ட வேண்டும், பாருங்கள். சின்னத்தை மனதில் வைத்துக்கொண்டு போகிறவரை வரிசை ஒன்றும் செய்துவிடாது.

அந்த வருடமே சட்டத்தைத் திருத்தி டெபாசிட்டை 250 ரூபாயிலிருந்து 5,000 ஆக்கினார்கள். அங்கீகாரம் பெற்ற கட்சிகள் முதலில், பதிவு மட்டும் பெற்ற கட்சிகள் அடுத்து, சுயேச்சைகள் கடைசியில் என்றும் ஆனது. 2023 ஈரோடு கிழக்கு இடைத்தேர்தலில் 77 வேட்பாளர்களுக்கு ஐந்து இயந்திரங்கள். நோட்டாவுக்குப் போடுகிறவரைத் தவிர ஐந்தாவது வரை யார் நடந்திருப்பார்கள்?

வரிசை வேலை செய்வது ஊராட்சித் தேர்தலில்தான். அங்கே கட்சிச் சின்னம் இல்லை. 2019-ல் எங்கள் வார்டில் நின்ற இரண்டு பேருமே எனக்குப் பங்காளிகள். இரண்டு வீட்டிலும் காப்பி குடித்தாயிற்று. சரி, என்று மேலே இருந்த பெயருக்கு முத்திரையைக் குத்திவிட்டு வந்துவிட்டேன். அவர் மேலே இருந்ததற்கு ஒரே காரணம், பெயர் 'அ'வில் தொடங்கியது. நம் பக்கம் பிள்ளைகளுக்குக் குலசாமி பெயரைத்தானே வைக்கிறோம்! அங்காளம்மனைக் கும்பிடுகிற வீட்டுப் பிள்ளை அங்கப்பன், சீட்டில் உச்சியில் இருப்பார். வெள்ளகோவில் வீரக்குமாரசாமியைக் கும்பிடுகிற வீட்டு வீரக்குமார் எந்த ஊராட்சித் தேர்தலில் நின்றாலும் அடியில்தான். வரிசைக்கு இனிஷியலைப் பார்ப்பதில்லை என்பதால் அப்பன் பெயரும் கைகொடுக்காது.

ஆஸ்திரேலியாவில் வேட்பாளர்களுக்கு 1, 2, 3 என்று எண் போட வேண்டும். மேலிருந்து கீழே அப்படியே போட்டுவிட்டு வருவதைக் கழுதை ஓட்டு என்கிறார்கள். நான் போட்டதும் அந்த ரகம்தான். அங்கே 1984-ல் அகர வரிசையை விட்டுவிட்டுக் குலுக்கலுக்கு மாறிவிட்டார்கள். இங்கே இரண்டு பேருக்குச் சமமாக ஓட்டு விழுந்தால் ஜெயித்தவரையே சீட்டுக் குலுக்கித்தான் எடுக்கிறார்கள். பெயர் வரிசைக்கும் அதே சீட்டைக் குலுக்கினால் என்ன?

வாசகர் ஒருவர்,
அவல்பூந்துறை